பெட்டிக்குத் திரும்பாத தட்டாம்பூச்சி

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன்; படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் படிப்போடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குச் சரக்கு வாங்கும் துண்டுச் சீட்டுகள்தான். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சே வராது. கல்யாண வீட்டில் பந்திக்குக்கூட யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் போவேன். அப்படிப்பட்டவன் அச்சில் வரும்படி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இந்த விஷயத்தை வாயால் சொல்ல முடியவில்லை. மனைவியிடமே பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

திருவாரூரில் எங்களுக்கு ஒரு வளையல் கடை. அப்பா ஆரம்பித்தது. வளையல், ரிப்பன், சாந்து, ஹேர்பின், கவரிங் தோடு எல்லாம் விற்போம். கல்லாவுக்குப் பின்னால் வெல்வெட் ஒட்டிய ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில் இருப்பவை விற்பனைக்கு அல்ல. அத்தனையும் பழைய புரூச்சுகள். தாவணியோ சேலைத் தலைப்போ நழுவாமல் தோளில் குத்திக்கொள்கிற அலங்கார ஊசியைத்தான் புரூச் என்கிறோம். பூ, மயில், கொடி என்று எத்தனையோ தினுசு உண்டு. நான் சேர்ப்பது பூச்சிகளையும் சின்ன ஜந்துக்களையும் மட்டும். நீலக் கல் முதுகு வைத்த வண்டு, கறுப்பு எனாமல் சிலந்தி, முத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் தேனீ, கண் மட்டும் சிவந்த தவளை, வெட்டுக்கிளி, நத்தை. வெளிநாட்டில் பேர்போன நகை டிசைன்காரர்கள் அந்தக் காலத்தில் செய்தவை. பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அவர்கள் பெயரைப் பொறித்திருப்பார்கள். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.

இந்த ஊர்ப்பக்கம் இவை எப்படி வந்தன என்று கேட்கலாம். எல்லாம் கப்பலில் வந்தவைதான். அதிராம்பட்டினத்துப் பக்கம் கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போய் வருகிற ஆண்களைச் சபராளி என்பார்கள். பினாங்கிலிருந்தும் சைகோனிலிருந்தும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு வாங்கி வந்தது, மூன்று தலைமுறை கழித்து, பெயர் தெரியாமல் பீரோவின் அடியில் கிடக்கும். நீலக் கல் வண்டை அங்கே ஒரு அம்மாவிடம்தான் வாங்கினேன். மாமனார் வாங்கி வந்தது, மருமகள்கள் யாரும் போட மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிக் கொடுத்தார். தரங்கம்பாடியில் டீச்சர் ஒருவர் வீட்டில் தவளை கிடைத்தது. ஒரு பல்லி மட்டும் சீக்கிரமே கை மாறி வந்தது. யார் தோளில் குத்தினாலும் பல்லி விழுந்த பலன் பார்க்க வேண்டியதாகிவிடுகிறதாம்.

என் மனைவிக்கு இதில் ஒரு நாளும் சம்மதமில்லை. "வீட்ல ஓடுற கரப்பானுக்கே ஒரு வழி பண்ணத் தெரியல. இதுல வெளிநாட்டுப் பூச்சிய வேற கூப்புட்டு வச்சிருக்கீங்க" என்பாள். கடைக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வளையல் எண்ணுவேன்.

ஏன் பூச்சி என்று அவளும் கேட்டிருக்கிறாள். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது, கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாள் வில்வண்டியில் ஒரு அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். பக்கத்துக் கிராமத்து மிராசுதார் வீடு. பெரிய வீடு என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்கும். தாவணியில், தோளில், ஒரு தட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. நிஜமானது என்றே நினைத்தேன். ஊதி விரட்டப் பார்த்து, பிறகுதான் புரூச் என்று தெரிந்தது. இறக்கைகளை மிகச் சின்ன ஸ்பிரிங் ஒன்றில் ஏற்றியிருந்தார்கள். அவள் மூச்சு விட்டால் அவை நடுங்கின.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. "இதுல ஒரு கல்லு விழுந்துடுச்சு. வச்சுத் தருவீங்களா?" என்று கேட்டாள். இறக்கையில் ஒரு பச்சைக் கல் இல்லை. எனக்குக் கல் பதிக்கத் தெரியாது. உடைந்த பச்சை வளையலிலிருந்து ஒரு சில்லை எடுத்து, தேய்த்து, அரக்கு வைத்து ஒட்டிக் கொடுத்தேன். நிறம் கொஞ்சம் கூடத்தான். அவள் அதைத் தோளில் குத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "வளையல் போட்ட பூச்சி" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த குறுவை அறுப்பதற்குள் அவள் இறந்துபோனாள்.

நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்த சமயம் அது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் நிலம் என்றதும், பெரிய வீடுகளில் எல்லாம் கோயில் பெயருக்கும் மாடு மேய்க்கிறவன் பெயருக்கும் எழுதி வைத்தார்கள். அந்த வீட்டில் மகள் பெயருக்கு நல்ல நன்செய்யாகப் பார்த்து எழுதினார்கள். எழுதிய பிறகு ஒரு பயம் வந்தது. பெண் வேறு வீட்டுக்குப் போனால் நிலமும் கூடவே போய்விடும். அதனால் வீட்டோடு இருந்து வரவுசெலவு பார்த்துக்கொண்டிருந்த தாய்மாமனுக்கே அவளைக் கட்டுவது என்று முடிவானது. அவர் மனைவியை இழந்தவர்; தலை நரைத்தவர். நிச்சயத்துக்கு நாள் குறித்த வாரத்தில், பயிருக்குத் தெளிக்க வாங்கி வைத்திருந்த பூச்சி மருந்தை அவள் குடித்துவிட்டாள். மஞ்சள் காமாலை என்று வீட்டில் சொன்னார்கள். ஊரிலும் அப்படியே சொன்னார்கள், வேறு எதுவும் தெரியாதவர்கள் போல.

அதற்குப் பிறகுதான் எங்கே பூச்சி புரூச்சைக் கண்டாலும் என்னால் அதை விட்டுவிட்டு வர முடியாமல் போனது.

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் கன்னி என்று கும்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதைத் திறந்து, புதிதாகப் பாவாடை தாவணி வாங்கி உள்ளே வைத்துப் படைத்து மூடுவார்கள். போன வருஷம் வைத்த துணியை வெளியே எடுத்து, பங்காளி வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்திக்குக் கட்டிவிடுவார்கள். பங்காளி வீட்டுக்கு வெளியே அந்தத் துணி போகக் கூடாது. போனால் கன்னியும் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்பது நம்பிக்கை. பெரிய வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி வைத்தார்கள். தட்டாம்பூச்சியை அந்தத் தாவணியில்தான் குத்தி வைத்திருக்கிறார்கள் என்றும், வருஷா வருஷம் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் குத்துவார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

வருஷங்கள் போயின. அப்பா காலமானார். கடை என் கைக்கு வந்தது. பெரிய வீட்டிலும் மிராசுதார் போய்விட்டார். அவள் இறந்தபோது சின்னப் பிள்ளையாக இருந்த மகன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வேட்டியின் கரையும் மாறும் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். கூலித் தகராறு மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தையிலும் வரப்பில் சிவப்புக் கொடி ஏறும், பேச்சு நடக்கும், இறங்கும்.

அப்படி ஒரு தை முடிந்து மாசி பிறந்தபோது, பெரிய வீட்டில் கூட்டிப் பெருக்குகிற பெண் கடைக்கு வந்தாள். அவள் கணவன் அதே வீட்டு வயலில் கூலிக்குப் போகிறவன். கொடி பிடிக்கிற ஆள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தட்டாம்பூச்சி இருந்தது. இறக்கையில் நான் வைத்த வளையல் சில்லு அப்படியே இருந்தது.

"இத எடுத்துக்கிட்டு எம் பொண்ணுக்கு ரெண்டு டஜன் வளையல் குடுங்கண்ணே."

ஏது என்று மட்டும் கேட்டேன்.

"களவு இல்லண்ணே. பெரிய வீட்டம்மா கொல்லப் பக்கமா கூப்புட்டு ஒரு தாவணி குடுத்தாங்க. ஒம் பொண்ணு கட்டட்டும், எம் மவனுக்குத் தெரிய வேணாம்னாங்க. வீட்ல போயிப் பிரிச்சா, மடிப்புக்குள்ள இது குத்திக் கெடக்கு."

திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன். எப்படிக் கொடுப்பது என்று அவள் என்னையே கேட்டாள். கையில் இதோடு அந்த வீட்டுப் படியில் ஏறினால் மகன் கண்ணில் படும். பட்டால் அம்மா கொடுத்தது என்று சொல்ல வேண்டிவரும். அம்மாவுக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரியாது. தன் வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றாள். "பொண்ணு படுக்க மாட்டேங்குறா. பக்கத்துல யாரோ மூச்சு வுடுற மாதிரி இருக்குங்குறா."

நான் வளையலை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அது என் பெட்டியில் இருந்தது. தெருவில் பஸ் போனால் அதன் இறக்கை நடுங்கும். அது சரிதான், கடையே நடுங்குமே. ஆனால் மத்தியான நேரம், தெருவில் ஒன்றும் போகாதபோது, மின்விசிறியை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். வண்டும் தேனீயும் அசையாமல் இருக்கும். இது மட்டும் மெதுவாக, ஒரே சீராக, நடுங்கிக்கொண்டிருக்கும். என் மூச்சுதான் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். நடுவில் கண்ணாடி மூடி இருந்தது.

என் மனைவி ஒரு நாள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டாள். யாரோ கொடுத்தது என்றேன். "இது சும்மா கெடந்த சாமான் இல்லீங்க. மூடி வைங்க" என்றாள். அதற்குப் பிறகு அது இருந்த மூலையின் மேல் ஒரு காலண்டர் தாளை மடித்துப் போட்டு வைத்தாள். நான் கடை திறந்ததும் அந்தத் தாளை எடுப்பேன். அவள் வந்ததும் போடுவாள்.

அடுத்த தை வந்தது. சம்பா முற்றி நின்றது. பெரிய வீட்டில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். தாவணியில் புரூச் இல்லை. பெட்டி இருக்கிற அறையைப் பெருக்குகிறவள்தான் எடுத்திருக்க வேண்டும் என்று மகன் முடிவு கட்டிவிட்டார். அந்த அம்மா அப்போது வாயைத் திறக்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற பெண்ணும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். தாவணியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. திருடி என்று நாலு பேர் முன்னால் சொல்லி, அவளையும் அவள் கணவனையும் வேலைக்கு வராதே என்று நிறுத்திவிட்டார்கள். அவளைத் திருடி என்று சொன்னவர் வயலில் நாங்கள் இறங்க மாட்டோம் என்று அவள் குடியிருக்கும் கூலிக்காரர் தெருவே உட்கார்ந்துவிட்டது. வெளியூர் ஆளை இறக்கி, போலீஸ் காவலோடு அறுத்துக்கொள்கிறேன் என்றார் மகன். இப்படி ஆரம்பித்துப் பழைய நாளில் எங்கே போய் முடிந்தது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. கடைத்தெருவில் மட்டும் சாயங்காலம் ஆனதும் சீக்கிரம் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அவள் என் கடையில் எதையோ கொடுத்து வளையல் வாங்கியதைப் பார்த்த ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கடை வாசலில் கார் வந்து நின்றது. மகன் இறங்கினார். பின்னால் அவர் அம்மா. வெள்ளைப் புடவை, கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. அன்றைக்கு வில்வண்டியில் வந்தவர்தான். மகளோடு சேர்ந்து சிரித்த முகத்தை அதில் தேடினேன், கிடைக்கவில்லை.

மகன் உட்காரவில்லை. "எங்க வீட்ல பெருக்குனவ ஒங்க கடையில ஒரு சாமான் குடுத்தாளாமே. அத எடுங்க. இங்கேருந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன்" என்றார்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்குப் பத்து விதமாகத் தோன்றுகிறது. அப்போது ஒன்றுமே வரவில்லை. எடுத்துக் கொடுத்தால் அவள் திருடி ஆகிவிடுவாள். அம்மா கொடுத்தது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? இல்லை என்று பொய் சொல்லவும் எனக்கு வாய் வராது. பேச முடியாததால், கண்ணாடிப் பெட்டியையே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் முன்னால் வைத்து, மூடியைத் திறந்தேன். காலண்டர் தாள் கீழே விழுந்தது.

"என்னய்யா இது, இத்தன இருக்கு? அவ குடுத்தது எதுன்னு கேட்டா..." என்று மகன் ஆரம்பித்தார்.

"அம்மா பாக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

அந்த அம்மா குனிந்தார். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. தேனீ, சிலந்தி, தவளை. தட்டாம்பூச்சியிடம் வந்ததும் விரல் நின்றது. அவர் அதைத் தொடவில்லை. விரலுக்கும் அதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. இறக்கைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. என் கண்ணால் பார்த்தேன். பச்சை வளையல் சில்லு மின்னி மின்னி அணைந்தது. அந்த அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு விரல் நகர்ந்து, ஓரத்தில் கிடந்த நீலக் கல் வண்டை எடுத்தது.

"இதுதான்" என்றார்.

மகன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டி திறப்பது பெண்கள் வேலை. அவர் ஒரு நாளும் அதைக் கிட்டத்தில் பார்த்தவரில்லை. "தட்டாம்பூச்சின்னுல்ல சொல்லுவீங்க?"

"பூச்சின்னுதான் சொல்லுவோம். பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "இத யாரு குடுத்தா?"

"அது அதிராம்பட்டினத்துலேருந்து வந்ததுங்க" என்றேன். அது உண்மை. பல வருஷத்துக்கு முன்னால் வந்தது என்பதை அவர் கேட்கவில்லை.

அவர் முகம் மாறியது. அந்த அம்மா சாவகாசமாகச் சொன்னார்: "அப்பச் சரி. போன தையில துணி மாத்துறப்ப இதக் கழட்டி அந்தப் பழைய பீரோ டிராயர்ல வச்சேன். நீ அந்த பீரோவ அதிராம்பட்டினத்து ஆளுக்குத்தானே வித்த? அதோட போயிருக்கு. வயசாயிட்டுது, மறந்துட்டேன்."

"அப்ப அவ இங்க என்னத்தக் குடுத்தா?"

"காதுல கெடந்த கவரிங் எதையாச்சும் குடுத்திருப்பா. நமக்கென்ன அது? நம்ம சாமான் கெடச்சிருச்சு. ஒரு பொம்பளயப் போயித் திருடின்னுட்டோம். நாளைக்கு ஆளுங்கள வந்து வயல்ல இறங்கச் சொல்லு. நெல்லு கொட்டுது."

மகன் வண்டைக் கல்லாமேல் வைத்தார். பீரோவை விற்றது அவர்தான். வேறு எதுவும் பேசாமல், காரைத் திருப்பிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

அவர் போனதும் அந்த அம்மா கல்லாவைப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்டூலை நகர்த்தினேன். உட்காரவில்லை. தட்டாம்பூச்சியைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அவ அந்த வீட்ட வுட்டுப் போவட்டும்னுதாம்ப்பா தாவணிய வெளியில குடுத்தேன். எத்தன வருசம் அந்தப் பெட்டிக்குள்ளயே கெடப்பா? ஊசி குத்தியிருந்தத மறந்துட்டேன்."

மகனிடம் சொல்லியிருக்கலாமே என்று என் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

"சொன்னா, அந்தத் தெருவுக்குள்ள போயி அந்தப் புள்ள ஒடம்புலேருந்து துணிய உருவுவான். என் தம்பிக்கு அவளக் கட்டுறதுன்னு முடிவு பண்ணுனப்பவும் நான் வாயத் தொறக்கல. இவளத் திருடின்னப்பவும் தொறக்கல. இன்னைக்கு ஒரு பொய்யாச்சும் சொன்னேன்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அவர் வண்டைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். படி இறங்கப் போனவர் நின்று, "அத மூடி வைக்காத. வெளிச்சத்துல வையி" என்றார்.

தட்டாம்பூச்சியை ஒரு தடவையாவது தொட்டுவிட்டுப் போகச் சொல்ல நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. பெரிய வீட்டில் இப்போது கும்பிடுவது யாரோ ஒரு சபராளி தன் வீட்டுப் பெண்ணுக்கு வாங்கி வந்த வண்டை. அவர்கள் கும்பிடுகிறவள் என் கடையில் இருக்கிறாள். வாசல் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில், வெயில் படுகிற தட்டில், தனியாக வைத்தேன். என் மனைவி பார்த்தாள். காலண்டர் தாளைத் தேடி எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டாள். அன்றைக்குப் பொழுது சாயும் வரை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பெரிய வீட்டு வயலில் காலையிலேயே அறுப்புக்கு ஆள் இறங்கிவிட்டது என்று முதல் பஸ்ஸில் வந்தவர் சொன்னார். கூட்டிப் பெருக்குகிற பெண்ணும் அவள் கணவனும் இறங்கியிருந்தார்களாம். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் தூறல் போட்டு நின்றது.